சீட்டில் இருந்த இரண்டு சுண்ணாம்பு

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதலாக உள்ள இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். ஏழு வயிறும் சுண்ணாம்பு சுட்டுத்தான் நிறைந்தது.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி மலர் எழுதுகிறாள். "நீங்களேதான் எழுதுகிறீர்களா?" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். வாய் என்னுடையது, கை அவளுடையது. போதுமா?

இந்த வாரம் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். நான்காக மடித்திருந்தது. என் மூத்த மகள் தங்கம் அதைக் கொண்டுவந்து நீட்டியபோது, நான் சுண்ணாம்புக் காளவாசலிலிருந்து சுட்ட சிப்பியை வாரிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் மணிகூட அடிக்கவில்லை, வெயில் இன்னும் ஏறவில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டியிருந்தேன். கண் இமை வரைக்கும் வெள்ளை.

"டீச்சர் குடுத்தாவம்மா. ஒங்கிட்டதான் குடுக்கணும்னாவ. இன்னைக்கே வேணுமாம்."

கையை முந்தியில் துடைத்துவிட்டு வாங்கினேன். பிரித்தேன். மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தேன். "சரி, மத்தியானம் சாப்பாட்டுக்கு வாரப்ப எடுத்துட்டுப் போ" என்றேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. அது தங்கத்துக்குக்கூடத் தெரியாது.

போர்டில் பார்த்த முகம்

எங்கள் காளவாசல் ஊரின் வடக்குக் கடைசியில், மாப்பிள்ளையூரணிக்குப் போகிற பக்கம் இருந்தது. முத்துச் சிலாபம், அதாவது கடலில் முத்துக் குளிப்பது, நடந்த காலத்தில் குவிந்த சிப்பி அந்தக் கரையில் மேடு மேடாகக் கிடந்தது. முத்து யார் யார் கழுத்துக்கோ போனது. சிப்பி எங்களுக்கு வந்தது. ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு சிப்பி என்று போட்டுத் துருத்தி ஊதினால், மறுநாள் சிப்பி சிப்பியாகவே இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இலேசாக இருக்கும்.

வாசலில் ஒரு தகரப் போர்டு தொங்கியது. "சுண்ணாம்பு கிடைக்கும்." பெயிண்டர் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "இதுல எது சுண்ணாம்பு, எது கிடைக்கும்?" என்று கேட்டுவைத்துக்கொண்டேன். அதன்பிறகு அந்த வார்த்தை எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். தெருவில் வருகிற தெரிந்த முகம் மாதிரி. மற்ற எழுத்தெல்லாம் தெரியாத கூட்டம்.

என் பெயரையும் போடுவேன். கோலம் பழகுவது போலப் பழகினேன். பள்ளிக்கூடத்து மார்க் அட்டையில் மாதம் தவறாமல் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். போடும்முன் அட்டையைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, உதட்டை அசைத்துப் பார்ப்பேன். சிவப்பு மை இருந்தால், "இது என்னளா இப்படி?" என்று ஒரு அதட்டல். எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே அழுதுகொண்டே சொல்லிவிடும்.

ஏன் இந்த வேஷம் என்று கேட்பீர்கள். படிக்காத தாய் "படி" என்றால் பிள்ளை கேட்காது என்று நினைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. "அவளுக்கு எழுத்து வாசனை உண்டு" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது முதுகு தானாக நிமிரும்.

இடத்தை அடைக்கிற பொருள்

ஞானசெல்வம் டீச்சர் நாசரேத்துப் பக்கம். என்னைவிட ஆறேழு வயது இளையவள். தங்கம் படித்த ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். தற்காலிக வேலை, அந்த ஜூனில் நிரந்தரம் ஆக வேண்டும். ஊரில் தாயும் ஒரு தங்கச்சியும் அவள் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வந்தபிறகு எங்கள் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. பொரியும் கடலையும் கலந்து கொடுத்து, "பொறுக்கிப் பிரிக்க முடிஞ்சா அது கலவை" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தங்கம் தட்டில் சோறு தனியாக, பருப்பு தனியாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உப்பையும் மணலையும் கலந்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அடுப்பில் வற்றவைத்து உப்பைத் திரும்ப எடுத்துக் காட்டினாள். என் நல்ல சட்டி அன்றைக்கே போனது.

ஒருநாள் என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். தங்கம் பக்கத்தில் நின்று ஒப்பித்தாள்: "இடத்தை அடைத்துக்கொண்டு, எடையும் உள்ளது எல்லாம் பொருள். எங்கப்பாவும் பொருள்தான்."

"ஏளா, ஒம் மவ என்ன சொல்லுதா பாரு!" என்று அவர் கத்தினார்.

"சரியாத்தான சொல்லுதா. எந்திரிங்க, கட்டில மடக்கணும்" என்றேன்.

இன்னொரு நாள், "அம்மா, சுண்ணாம்பு காரம்" என்று வந்து நின்றாள்.

"காரமா? வெத்தலையில கூடுனா வாய் வெந்து போவும். காரம்னு எவளா சொன்னா? நாக்குல வச்சுப் பாத்தியா?"

"மிளகாய்க் காரம் இல்லம்மா. இது வேற காரம். அதக் கண்டுபிடிக்க ஒரு நீலத்தாள், செவப்புத்தாள் இருக்காம். நம்ம பள்ளிக்கூடத்துல இருந்தது கடக்காத்துல நமத்துப் போச்சாம்."

"தாள் எதுக்கு? மஞ்சத் தண்ணியில சுண்ணாம்ப விட்டா செக்கச்செவேல்னு ஆவும்லா. ஆலத்தி எப்படிக் கரைக்கிறாளாம்?"

மறுநாள் சாயங்காலம் டீச்சரே காளவாசலுக்கு வந்துவிட்டாள். அவர்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஆலத்தி எடுக்கிற வழக்கம் வீட்டில் கிடையாது. தேங்காய்ச் சிரட்டையில் மஞ்சளைக் கரைத்து, ஒரு துளி சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன். மஞ்சள் சிவந்தது. அவள் சிரட்டையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா?" என்றாள். பிழிந்தோம். திரும்ப மஞ்சளானது. அது அதுவரை எனக்கே தெரியாது.

அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

இரண்டு பங்கு

இனி சீட்டுக்கு வருகிறேன்.

பிரித்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்த முகம் அதில் இருந்தது. சுண்ணாம்பு. அதற்குக் கீழ் வரியில் அதே முகம் இன்னொரு தடவை. சுண்ணாம்பு என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? இரண்டு பங்கு வேண்டும் என்று அர்த்தம். வேறு என்ன இருக்கப்போகிறது?

சுண்ணாம்பில் இரண்டு வகை உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். சுட்டபடியே இருப்பது ஒன்று. தண்ணீர் தெளித்து நீறவைத்தது இன்னொன்று. நீறினது சாது, வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் அதுதான். சுட்டது தண்ணீரைக் கண்டால் சீறும், கொதிக்கும். டீச்சர் எதைக் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. நம்ம டீச்சர் கேட்கிறாள், நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். எங்கள் தொழிலில் நல்லது என்றால் அன்று சுட்டது. காளவாசல் சூடு ஆறாத சிப்பியை எடுத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிப்பி சிப்பியாக இருந்திருந்தால் டீச்சர் பார்த்தவுடன் கண்டுபிடித்திருப்பாள். நான் அதை உரலில் போட்டு இடித்து, மெல்லிய துணியில் சலித்து, மாவாக்கினேன். மூடி போட்ட இரண்டு பால்பவுடர் டின்னில் விளிம்பு வரை நிரப்பினேன். பார்வைக்கு நீறின சுண்ணாம்பு மாதிரியே இருந்தது. இப்படிப் பூப்போல ஒரு மாவு வேறு எந்தக் காளவாசலில் கிடைக்கும் என்று பெருமையாகவும் இருந்தது.

அடுப்பில்லாமல் கொதித்த தண்ணீர்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். டின்களோடு போன தங்கம் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"அம்மா! தண்ணி தானா கொதிச்சுட்டும்மா! பாட்டில் வெடிச்சு டீச்சர் கையெல்லாம்..."

அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

டீச்சர் செய்ய நினைத்தது சின்ன வேலை. சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்து, மேல் தண்ணீரை எடுத்து, பப்பாளித் தண்டால் பிள்ளைகளை ஊதச் சொல்வாள். நம் மூச்சுப் பட்டால் அந்தத் தெளிந்த தண்ணீர் பாலாக மாறுமாம். அதற்குத்தான் பெரிய கண்ணாடிப் பாட்டிலில் என் மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். புஸ்ஸென்று ஆவி வந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து கிட்டப் போய்விட்டார்கள். அவள் இடது கையால் அவர்களைத் தள்ளியபோது பாட்டில் வெடித்துவிட்டது. பிள்ளைகளில் ஒருவர் மேலும் படவில்லை. அவள் இடது கை, மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெந்துபோனது.

நான் போனபோது கைப்பம்பில் குடம் குடமாக அடித்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஊற்றினேன். என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

அவள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபிறகு பெரிய சார் ரூமுக்கு அவளைக் கூப்பிட்டார். தலைமை ஆசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். கெட்டவர் இல்லை, சத்தம் ஜாஸ்தி. அந்தோணி அண்ணாச்சி ஏற்கெனவே அங்கே நின்றார். மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர்; அவர் மகன் முன்வரிசை. நான் வெளியே ஜன்னல் பக்கம் நின்றேன்.

"எம் பிள்ளைக்குக் கண்ணு போயிருந்தா நீங்களா குடுப்பிய?" என்று அந்தோணி அண்ணாச்சி கேட்டார்.

"புத்தகத்துல இருக்கத வாசிச்சுக் காட்டுனாப் போதாதா? சுட்ட சுண்ணாம்புல யாராவது தண்ணி ஊத்துவாவளா?" என்றார் பெரிய சார்.

"நீறினதுதான் கேட்டு எழுதினேன் சார்."

"எழுதுனீங்களா, எழுத நெனச்சீங்களா?"

அவள் கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டாள். "அவசரமா எழுதுனேன். மாத்தி எழுதிட்டேனோ என்னவோ. அந்த அக்கா வாசிக்கத் தெரிஞ்சவங்க, சுண்ணாம்பு தெரிஞ்சவங்க. நான் கேக்காதத அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கை அப்படியே இருந்தது. உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நாளைக்குக் காலையில நீங்களே வேலைய விடுறதா எழுதிக் குடுத்துருங்க. நான் மேல எழுதுனா வேற பள்ளிக்கூடத்துலயும் எடுக்க மாட்டாவ" என்றார் பெரிய சார்.

தங்கம் வாசித்தாள்

விளக்கு ஏற்றும் முன் சீட்டைத் தேடி எடுத்தேன். கூரை ஓலையில் செருகி வைத்திருந்தேன். தங்கத்திடம் நீட்டி, "சத்தமா வாசி, அப்பா கேக்கணும்" என்றேன்.

அவள் வாசித்தாள். "அன்புள்ள அக்கா, சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். நன்றாக நீறின சுண்ணாம்பு ஒரு கைப்பிடி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்."

வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

"காலையில சுண்ணாம்புத் தூசி கண்ணுல பட்டு எரிஞ்சுது. சரியாப் பாக்கல" என்றேன்.

"ஆமாம்மா" என்றாள். சீட்டை மடிப்பு மாறாமல் மடித்தாள்.

என் வீட்டுக்காரர் சிந்தித்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, டின்னு மாறிப்போச்சுன்னு சொல்லிரு. நம்ம கிட்ட ரெண்டு மாவும் கெடக்கும்லா. யாரு கேக்கப்போறா?"

அப்போது தங்கம், "நான்தான் டின்ன மாத்தித் தூக்கிட்டுப் போனேன்னு சொல்லிருதேம்மா. பெரிய சார் என்னய ரெண்டு அடி அடிப்பாவ. அவ்வளவுதான" என்றாள்.

பத்து வயது. என் பெயரைக் காப்பாற்ற அவள் அடி வாங்கத் தயார். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரியாததை எப்படிக் காட்டுவது

காலையில் குளித்து, வெளுத்த சேலை கட்டி, தங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய சார் ரூமில் டீச்சர் நின்றாள். மேஜைமேல் வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன. அந்தோணி அண்ணாச்சியும் இருந்தார். நான் சீட்டை மேஜையில் வைத்தேன்.

"டீச்சர் சரியாத்தான் எழுதியிருக்காவ. தப்பு என்னுது. எனக்கு வாசிக்கத் தெரியாது."

பெரிய சார் சீட்டை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கா? மாசாமாசம் கையெழுத்துப் போடுத. கணக்குல அஞ்சு மார்க் கொறஞ்சதுக்கு இங்கன வந்து எங்கிட்ட சண்டை போட்டது யாரு?"

"செவப்பு மை இருந்துச்சு சார். எந்தப் பாடம்னு இவ சொன்னா."

"டீச்சரக் காப்பாத்தப் பொய் சொல்லுதா" என்றார் அந்தோணி அண்ணாச்சி. "இந்தச் சீட்டு நேத்து ராத்திரி எழுதுனதாக்கூட இருக்கும். போர்டு வச்சு யாவாரம் பண்ணுதவளுக்கு எழுத்துத் தெரியாதாம்!"

பெரிய சார் ஒரு புத்தகத்தைத் திறந்து என் முன்னால் தள்ளினார். "வாசி."

"தெரியாதுங்கேன்."

"தெரிஞ்சவளும் அப்படித்தான சொல்லுவா?"

தெரிந்ததைக் காட்டலாம். தெரியாததை எப்படிக் காட்டுவது? இத்தனை வருஷம் நான் போட்ட வேஷம் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. உண்மையைச் சொன்ன நாளில் அது கழலமாட்டேன் என்கிறது.

சீட்டைக் கையில் எடுத்தேன். விரலை வைத்தேன். "இது சுண்ணாம்பு. இந்தா, இதுவும் சுண்ணாம்பு. எங்க போர்டுல இருக்கதுனால இது ஒண்ணு மட்டும் தெரியும். மத்ததெல்லாம் எனக்குப் பூச்சி ஊர்ந்த மாதிரிதான். ரெண்டு எடத்துல இருந்துச்சா, டீச்சர் ரெண்டு பங்கு கேக்காவன்னு நெனச்சேன். ரெண்டு டின் அனுப்புனேன்."

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆமா சார். ஒரு கைப்பிடிதான் கேட்டேன். ரெண்டு டின் நெறைய வந்துச்சு. எதுக்கு இவ்வளவுன்னு நெனச்சேன். இன்னொரு டின் தொறக்காம அலமாரியிலேயே இருக்கு."

பெரிய சார் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். டின்னைக் கொண்டுவந்து சீட்டின் பக்கத்தில் வைத்தார். முதலில் சிரித்தது அந்தோணி அண்ணாச்சிதான்.

"ரெண்டு தடவ எழுதுனதுக்கு ரெண்டு டின்னா! ஏ டீச்சர், நல்லவேளை நீங்க நாலு தடவ எழுதல. பள்ளிக்கூடமே வெந்திருக்கும்!"

பெரிய சாரும் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. தங்கம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் முகம் காளவாசல் முன்னால் நிற்பது போல எரிந்தது. ஆனாலும் நான் தலையைக் குனியவில்லை. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

சிரித்து முடித்ததும் பெரிய சார் மேஜைமேல் இருந்த வெள்ளைத்தாளை எடுத்து டிராயரில் போட்டு மூடினார். "இனிமே இந்த மாதிரி எல்லாம் கிளாஸுக்கு வெளியிலதான். பிள்ளையள எட்ட நிறுத்தணும்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வெள்ளை

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தடியில் அதே பாடத்தை டீச்சர் நடத்தினாள். இடது கையில் கட்டு. பிள்ளைகள் பத்தடி தள்ளி வட்டமாக நின்றார்கள். இரண்டு மண்சட்டியில் இரண்டு மாவு. "எது சுட்டது, எது நீறினது?" என்று கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரிய சாரும் தப்பாகச் சொன்னார்.

"பாத்துச் சொல்ல முடியாது. அது தண்ணியோட எப்படி நடந்துக்கிடுதுன்னு பாத்துத்தான் சொல்லணும். அதுதான் அதோட குணம்" என்றாள் டீச்சர். தண்ணீர் ஊற்றியது நான். எங்கள் வழக்கப்படி ஓரமாக நின்று, காற்றுக்கு முதுகு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு சட்டி சும்மா இருந்தது. மற்றது சீறிக் கொதித்தது. பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள்.

ஜூனில் அவளுக்கு வேலை நிரந்தரமானது. கையில் தழும்பு மட்டும் போகவில்லை.

எனக்கு ஊரில் "ரெண்டு டின்" என்று பெயர் வந்தது. கொஞ்ச காலம் கடைக்குப் போனால், "அக்கா, ஒரு படி அரிசியா, ரெண்டு தடவ சொல்லட்டுமா?" என்பார்கள். நானும் பதிலுக்குக் கொடுப்பேன். தங்கம் மட்டும் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அதன்பிறகு வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், என்னிடம் நீட்டுவதற்கு முன்னால் அவளுக்கே வாசித்துக்கொள்வது போலச் சத்தமாக வாசித்துவிடுவாள். பிறகுதான் கொடுப்பாள். கேட்டுக் கேட்டு, பார்த்துப் பார்த்து, எனக்கும் கொஞ்சம் முகங்கள் கூடின. இன்றைக்கு பஸ் போர்டு வாசிப்பேன். இந்தப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் இருந்தால் தலைப்பை வாசிப்பேன். உள்ளே இருக்கும் பொடி எழுத்துக்குப் பேத்திதான்.

ஏளா மலரு, எழுதினது போதும். முதல்லருந்து வாசி, கேக்கேன். பெரிய சார் ரூம்ல நான் சொன்னத "எழுத்துப் பழக்கம் குறைவு"ன்னு பூசி மொழுகி எழுதியிருக்கியா? அத அடி. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நான் சொன்னபடியே போடு. போட்டுட்டியா? அந்த வரியக் கொஞ்சம் சத்தமா வாசி.